சிக்னல் மங்கும்போது டிகோடர் எதை நம்புகிறது?

ரேடியோ அலையில் ஒரு பிட்டை அனுப்ப மிக எளிய வழி இது: 0 என்றால் அலையை அப்படியே அனுப்பு, 1 என்றால் தலைகீழாகப் புரட்டி அனுப்பு. வழியில் இரைச்சல் மட்டும்தான் தொல்லை என்றால், லட்சம் பிட்டுக்கு ஒன்று தவறும் தரத்துக்கு, ஒரு பிட்டின் ஆற்றல் இரைச்சலைவிட 9.6 டெசிபெல் (ஒவ்வொரு 10 டெசிபெல்லும் பத்து மடங்கு) மேலே இருந்தால் போதும். அதே பிட்டுகள் சுவரிலும் தரையிலும் வண்டிகளிலும் மோதிச் சிதறி வந்து சேரும் சேனலில் (அலை கடந்து வரும் வழியில்), அதே தரத்துக்குச் சராசரியாக 44 டெசிபெல் வேண்டும். இடைவெளி 34 டெசிபெல்லுக்கும் மேல். சக்திக் கணக்கில் ஏறக்குறைய 2,700 மடங்கு. எந்த பேட்டரியாலும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. இருந்தும் கைப்பேசிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த இடைவெளியின் பெரும்பகுதியை அடைப்பது பிழை திருத்தும் குறியீடும் அதைப் படிக்கும் டிகோடரும். குறியீடு என்றதும் "தப்பான பிட்டைக் கண்டுபிடித்துத் திருத்துவது" என்ற படம்தான் மனதில் வரும். மங்கும் சேனலில் அந்தப் படம் பாதிதான் சரி. அங்கே டிகோடரின் திறமை பெரும்பாலும், எந்த பிட்டை எவ்வளவு நம்பலாம் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதில் இருக்கிறது.

முதலில் மங்கல் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். டவரிலிருந்து கிளம்பும் அலை ஒரே கோட்டில் வருவதில்லை. பல பாதைகளில் பிரிந்து, சற்று முன்னும் பின்னுமாக வந்து ஆன்டெனாவில் ஒன்றுகூடுகிறது. முகடும் முகடும் சேர்ந்தால் சிக்னல் பலக்கிறது. முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 2 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 செமீ. ஏழெட்டு செமீ நகர்ந்தாலே நல்ல இடம் குழியாகிவிடலாம். நேர்ப்பாதை இல்லாமல் சிதறல்கள் மட்டும் வந்து சேரும்போது கிடைக்கும் ஏற்ற இறக்கத்தை ராலே மங்கல் என்கிறார்கள். அதன் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். சிக்னலின் சக்தி தன் சராசரியைவிட 10 டெசிபெல்லுக்கும் கீழே கிடக்கும் நேரம் சுமார் 10 சதவீதம்; 20 டெசிபெல்லுக்குக் கீழே 1 சதவீதம்; 30 டெசிபெல்லுக்குக் கீழே 0.1 சதவீதம்.

44 டெசிபெல் எங்கிருந்து வந்தது என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. வெறும் இரைச்சலில் ஒவ்வொரு டெசிபெல் கூடும்போதும் பிழைகள் சடசடவென்று சரியும். ராலே மங்கலில் சக்தியைப் பத்து மடங்கு ஆக்கினால் பிழை பத்தில் ஒன்றாகும், அவ்வளவுதான். ஏனென்றால் பிழைகளில் பெரும்பாலானவை குழிகளில் விழுந்த பிட்டுகளிலிருந்து வருகின்றன. சராசரியை உயர்த்துவதால் குழிகள் மறைந்துவிடாது, சற்று அரிதாகும்.

குழியில் விழும் பிட்டுகள் தனித்தனியாக விழுவதில்லை, கூட்டமாக விழுகின்றன. இதுதான் பழைய குறியீடுகளுக்குப் பெரிய தலைவலி. 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட குறியீடு, ஒரு தொகுதியில் ஒரு பிட் தவறினால் அச்சு அசலாகத் திருத்திவிடும். அடுத்தடுத்து நான்கு தவறினால் கைவிரித்துவிடும். அதற்குப் பின் வந்த வலுவான குறியீடுகளில் பலவும் பிழைகள் ஆங்காங்கே சிதறி வரும் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்டவைதான். சேனல் பிழைகளைச் சிதறடித்துத் தராவிட்டால், நாமே சிதறடித்துவிட வேண்டியதுதான். அனுப்பும் முன் பிட்டுகளின் வரிசையைக் கலைத்து, வாங்கிய பின் பழையபடி அடுக்குவது. இதற்கு இன்டர்லீவிங் என்று பெயர்.

ஜிஎஸ்எம் (2ஜி) கைப்பேசியில் இது எப்படி நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் எல்லா உறுப்புகளும் வெளியே தெரியும்படி இருக்கும். 20 மில்லிவினாடிப் பேச்சு 260 பிட்டுகளாகச் சுருக்கப்படுகிறது. எல்லா பிட்டுக்கும் ஒரே மரியாதை கிடையாது. கெட்டால் குரலே குலைந்துவிடும் 50 பிட்டுகளுக்கு 3 சோதனை பிட்டுகள் சேர்க்கப்படுகின்றன. அவற்றோடு அடுத்த நிலையிலுள்ள 132 பிட்டுகளும், முடிவு குறிக்க 4 பிட்டுகளும் சேர்ந்து 189. இந்த 189ஐ கன்வல்யூஷன் குறியீடு, ஒவ்வொரு பிட்டையும் அதற்கு முன் வந்த சில பிட்டுகளோடு கலந்து, 378 ஆக இரட்டிக்கிறது. கெட்டாலும் காதுக்கு அவ்வளவாகத் தெரியாத 78 பிட்டுகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அப்படியே போகின்றன. மொத்தம் 456. இந்த 456 பிட்டுகளும் சீட்டுக் கலைப்பது போல எட்டுக் கட்டாகப் பிரிகின்றன: முதல் பிட் முதல் கட்டுக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு, ஒன்பதாவது மறுபடி முதல் கட்டுக்கு. ஒரு கட்டுக்கு 57 பிட். ஒவ்வொரு கட்டும் வேறு வேறு வெடிப்பில் (burst, ஒரே மூச்சில் அனுப்பப்படும் சிறு ரேடியோத் துண்டு) ஏறுகிறது. ஒரு வெடிப்பு முழுவதும் குழியில் விழுந்து அழிந்தாலும், திருப்பி அடுக்கும்போது எட்டுக்கு ஒரு பிட்தான் சந்தேகத்துக்குரியது. அதன் இருபுறமும் ஏழேழு பிட்டுகள் நலமாக நிற்கும். அந்த நிலையில் குறியீட்டுக்குத் திருத்துவது சிரமமே இல்லை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எட்டு வெடிப்புகளும் எட்டு விதமான சேனலைப் பார்க்க வேண்டும். எட்டும் போய்ச் சேர ஏறக்குறைய 37 மில்லிவினாடி ஆகும். மணிக்கு 72 கிமீ வேகத்தில் போகும் ரயிலில் இருப்பவர் அதற்குள் 74 செமீ நகர்ந்துவிடுவார். 900 மெகாஹெர்ட்ஸில் அது இரண்டு அலைநீளத்துக்கும் மேல், ஆகவே குழியும் மேடும் கலந்து வரும். வினாடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் அதே நேரத்தில் 3.7 செமீதான் நகர்வார். அவர் குழியில் நின்றால் எட்டு வெடிப்பும் குழியில்தான். ஆக, நடப்பவரைவிட ரயிலில் போகிறவருக்கு இன்டர்லீவிங் அதிகம் உதவுகிறது! கலைக்கும் நேரத்தை நீட்டினால் நடப்பவருக்கும் உதவும், ஆனால் பேச்சு தாமதமாகும். உரையாடலில் அதற்கு இடமில்லை. அதனால்தான் ஜிஎஸ்எம்மில் வினாடிக்கு 217 முறை அதிர்வெண்ணை மாற்றித் தாவும் வசதியை வைத்தார்கள். நின்ற இடத்தில் நின்றாலும், வேறு அதிர்வெண்ணில் குழி வேறு இடத்தில் இருக்கும்.

சரி, பிட்டுகள் சிதறி வந்துவிட்டன. இனி டிகோடரின் முறை.

மிகக் குறைந்த மெனக்கெடலில் முடிகிற வழி, வந்த ஒவ்வொரு பிட்டையும் உடனுக்குடன் 0 அல்லது 1 என்று தீர்மானித்து, அந்த வரிசையை டிகோடரிடம் கொடுப்பது. இப்படிக் கொடுத்தால், உச்சத்தில் வந்த 1க்கும் குழியிலிருந்து தட்டுத்தடுமாறி வந்த 1க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். "நான் பார்க்கவில்லை" என்று சொல்லும் சாட்சியால் வழக்கு கெடாது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சாதிக்கும் சாட்சியால்தான் கெடும். குறியீட்டுக் கணிதம் இதை எண்ணிலேயே சொல்கிறது. இரண்டு குறியீட்டுச் சொற்களுக்கு இடையே குறைந்தது 10 இடங்களில் வேறுபாடு இருந்தால், எந்த இடம் கெட்டது என்று தெரியாத நிலையில் 4 பிழைகள் வரைதான் உறுதியாகத் திருத்தலாம். "இந்த இடங்கள் அழிந்துவிட்டன" என்று தெரிந்தால் 9 வரை நிரப்பிவிடலாம். வெறும் இரைச்சல் சேனலில் உடனடித் தீர்மானத்தால் இழப்பது சுமார் 2 டெசிபெல். மங்கும் சேனலில் இழப்பு இதைவிட மோசம்: சக்தி கூடக்கூடப் பிழை எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்ற அந்தச் சரிவே ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. தரம் உயர உயர இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது கண்முன் தெரியும். 0 என்ற ஒரே பிட்டை மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 0க்கு +1, 1க்கு −1. சேனலின் பலம் முதல் முறை 1.6, அடுத்த இரு முறையும் குழி, 0.2, 0.3. இரைச்சலின் மாறுபாடு 0.25. கையில் வந்தவை: +1.2, −0.3, −0.1. மூன்றிலும் இரைச்சல் ஒரு திட்டவிலக்கம் (0.25இன் வர்க்கமூலம், 0.5) அளவுக்குள்தான் இருக்கிறது, அசாதாரணமாக எதுவும் நடந்துவிடவில்லை.

பெரும்பான்மை ஓட்டு எடுத்தால் இரண்டுக்கு ஒன்று, விடை 1. தப்பு. "சேனல் பலவீனமாக்கியதைச் சரிசெய்துவிடலாம்" என்று ஒவ்வொன்றையும் அதனதன் பலத்தால் வகுத்தால் 0.75, −1.5, −0.33 என்று வரும். கூட்டினால் −1.08, மறுபடியும் தப்பு. இது அப்பாவித்தனமான யோசனையாகத் தோன்றாது, அதுதான் ஆபத்து. குழியில் கிடந்ததைத் தூக்கி நிறுத்தும்போது அதனோடு இரைச்சலும் ஐந்து மடங்காகிவிட்டது, அந்தத் தகவலை யாரும் குறித்து வைக்கவில்லை. இப்போது வகுப்பதற்குப் பதில் பெருக்கிப் பார்க்கலாம்: வந்த மதிப்பை சேனலின் பலத்தால் பெருக்கி, இரட்டித்து, இரைச்சலின் மாறுபாட்டால் வகுக்க வேண்டும். கிடைப்பவை +15.36, −0.48, −0.24. கூட்டினால் +14.64. விடை 0, சந்தேகமே இல்லை.

இந்த மூன்று எண்களும் சும்மா வந்தவை இல்லை. ஒவ்வொன்றும், 0 வந்திருக்க வாய்ப்பு எத்தனை, 1 வந்திருக்க வாய்ப்பு எத்தனை என்ற விகிதத்தின் இயல் மடக்கை. −0.48 என்றால், "1 என்றுதான் தோன்றுகிறது, ஆனால் 62 சதவீதம்தான் நிச்சயம்" என்று அர்த்தம். −0.24 என்றால் 56 சதவீதம், கிட்டத்தட்ட காசு சுண்டுவதுதான். +15.36 என்றால் பல லட்சத்துக்கு ஒன்றுதான் தவறலாம். குறி எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுகிறது, அளவு எவ்வளவு நம்பலாம் என்று காட்டுகிறது. மங்கல் சேனலுக்கான டிகோடர் எதுவானாலும் அதன் வாயிலில் நுழைவது இந்த எண்தான்.

இதே உதாரணத்தில் இன்னொன்றும் தெரிகிறது. ஒரே பிட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவது, வெறும் இரைச்சல் சேனலில் பைசா பிரயோஜனமில்லாத குறியீடு. மொத்த ஆற்றலை மூன்றாகப் பிரித்து மூன்று முறை அனுப்பினாலும், ஒரே முறையில் அனுப்பினாலும் கணக்கு ஒன்றுதான். மங்கல் வந்ததும் அதற்கே மதிப்பு வந்துவிடுகிறது. ஒரு முறை அனுப்பினால் 10 டெசிபெல் குழியில் விழ வாய்ப்பு பத்தில் ஒன்று. ஒன்றையொன்று சாராத மூன்று முறை அனுப்பினால், மூன்றும் விழ வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நல்ல குறியீடுகள் இதையே இடத்தை வீணாக்காமல் செய்கின்றன. ஒவ்வொரு தகவல் பிட்டின் தடமும் வெளியே போகும் பல பிட்டுகளில் படிந்திருக்கும்; அவை எத்தனை தனித்தனி ஏற்ற இறக்கங்களைச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் மங்கலில் அந்தக் குறியீட்டின் பலம் அமைகிறது. பாடப் புத்தகங்கள் இரைச்சல் சேனலில் தொடங்கி, மங்கலைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுவதால் இந்த மாற்றம் மாணவர்களுக்குச் சரியாகப் பதிவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

1967இல் ஆண்ட்ரூ விட்டெர்பி முன்வைத்த முறை கன்வல்யூஷன் குறியீடுகளுக்கு இன்றும் அடிப்படை. என்கோடர் எந்தெந்த நிலைகள் வழியாகப் போயிருக்கலாம் என்ற எல்லாப் பாதைகளையும் டிகோடர் ஒரே நேரத்தில் பின்தொடர்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் வந்து சேரும் இரண்டு பாதைகளில் மொத்த மதிப்பெண் அதிகமுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறது. வாயேஜர் விண்கலங்களில் பறந்த 64 நிலைக் குறியீடுதான் பிற்பாடு வைஃபையிலும் வந்தது. நான் மேலே சொன்ன 10 இட வேறுபாடு அதனுடையது. விண்வெளியில் மோதிச் சிதற எதுவுமில்லை, ஆகவே இரைச்சல் மட்டும்தான் பிரச்சினை. வைஃபையில் நிலைமை வேறு. அதன் பழைய வடிவங்களில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் குறுகிய கீற்றுகளாகப் பிரித்து, 48 தரவுத் துணை அலைகள் ஒன்றாகப் போகும். அறையின் எதிரொலிகளால் அவற்றில் சில செத்துக் கிடக்கும். ஒரு பாக்கெட் போய் முடிவதற்குள் அவை உயிர்பெறப் போவதில்லை. அதனால் வைஃபை நேரத்தில் கலைப்பதை விட்டுவிட்டு அதிர்வெண்ணில் கலைக்கிறது: அடுத்தடுத்த பிட்டுகள் பக்கத்துப் பக்கத்துத் துணை அலையில் ஏறாது.

விட்டெர்பி டிகோடருக்குள் செத்த துணை அலையின் பிட் நுழையும்போது என்ன நடக்கிறது? அதன் எண் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால், எந்தப் பாதைக்கும் மதிப்பெண் குறிப்பிடும்படி கூடுவதோ குறைவதோ இல்லை. போட்டி அப்படியே நிற்கிறது. அடுத்த வலுவான பிட் வந்ததும் தீர்ப்பு விழுகிறது. "இந்த பிட்டைத் தள்ளிவிடு" என்று தனியாக யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. அந்த எண், அதாவது பிட்டின் எடை, சரியாக இருந்தால் போதும்.

எடை சரியாக இருந்தால்! மொத்தக் கட்டுமானமும் இந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. சேனலின் பலம் 1.6 என்றும் 0.2 என்றும் மேலே நான் எளிதாக எழுதிவிட்டேன், ரிசீவருக்கு யார் சொல்வார்கள்? இரு பக்கமும் முன்பே அறிந்த பிட்டுகளை நடுநடுவே அனுப்பி, அவை எப்படி உருமாறி வந்தன என்பதிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். ஜிஎஸ்எம் ஒவ்வொரு வெடிப்பின் நடுவிலும் இப்படி 26 அளவு பிட்டுகளை வைத்தது. எல்டிஇயில் (4ஜி), ஒரு ஆன்டெனாவுக்கு, ஒரு மில்லிவினாடியும் 12 துணை அலைகளும் கொண்ட 168 கட்டங்களில் 8 கட்டங்கள் இதற்கு ஒதுக்கப்படுகின்றன. இடைப்பட்ட கட்டங்களுக்கு அக்கம்பக்கத்தை வைத்துக் கணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் வேகம் பழிவாங்குகிறது. ரயில் பயணிக்கு வேகம் நன்மை என்று சொன்னேன் அல்லவா? சேனல் வேகமாக மாறினால் குழிகளிலிருந்து சீக்கிரம் வெளியேறலாம், ஆனால் அளந்து வைத்த எடையும் அதே வேகத்தில் பழசாகிவிடும். 2 ஜிகாஹெர்ட்ஸில் மணிக்கு 108 கிமீ போனால், அரை அலைநீளத்தைக் கடக்க 2.5 மில்லிவினாடி. 28 ஜிகாஹெர்ட்ஸில் அதே வேகத்துக்கு 0.18 மில்லிவினாடிதான். அளவு பிட்டுகளை நெருக்கி வைத்தால் தரவுக்கு இடம் குறையும். தள்ளித் தள்ளி வைத்தால் டிகோடருக்குப் பொய் எடை போகும். தப்பான இடத்தில் அதிக நம்பிக்கை காட்டும் எடை, எடையே இல்லாததைவிடக் கெடுதல்.

1993இல் ஜெனீவா மாநாட்டில் கிளாட் பெரூ, அலன் கிளாவ்யூ, புண்ய திதிமஜ்ஷிமா மூவரும் அறிமுகப்படுத்திய டர்போ குறியீடு, எந்தக் குறியீடாலும் தாண்ட முடியாதது என்று கிளாட் ஷானன் 1948இல் வகுத்த எல்லைக்கு அரை டெசிபெல் அளவுக்கு நெருங்கி எல்லோரையும் திகைக்க வைத்தது. இரண்டு டிகோடர்கள் தங்கள் தீர்ப்பை அல்லாமல் தங்கள் நம்பிக்கையின் அளவை ஒருவருக்கொருவர் மாறி மாறிக் கொடுத்துக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். ராபர்ட் காலகர் 1960களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, கணினிகள் தயாராக இல்லாததால் கிடப்பில் போடப்பட்ட எல்டிபிசி குறியீடும் இதே இனம். இந்த முறைகளில் எடை தப்பினால் விளைவு பெரிது. விட்டெர்பி டிகோடரில் எல்லா எடைகளையும் ஒரே அளவில் இரட்டித்தாலும் விடை மாறாது, ஒப்பீடு மட்டுமே முக்கியம். டர்போவையும் எல்டிபிசியையும் முழுக் கணக்கோடு ஓட்டினால், இரைச்சலின் அளவையும் சரியாகச் சொல்லியாக வேண்டும். மிகையான நம்பிக்கையோடு ஆரம்பித்தால், தப்பையே ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டு சுற்றுவார்கள். மறுபக்கம், இதே சுழற்சியை சேனல் அளவீட்டுக்கும் நீட்டலாம்: பாதி தெளிந்த பிட்டுகளை அளவு பிட்டுகளாக வைத்து சேனலை மறுபடி அளந்து, புதிய எடையோடு மறுபடி படிப்பது. பலன் உண்டு, சிப்பில் செலவாகும் கணக்கும் உண்டு.

இவ்வளவு செய்தும் தப்பிக்க முடியாத நிலை ஒன்று இருக்கிறது. அசையாத ரிசீவர், ஒரே ஆன்டெனா, குறுகிய அலைவரிசை, பாக்கெட் முழுவதும் குழியில். அந்த நேரத்தில் சேனல் தாங்கும் அளவைவிட அதிக வேகத்தில் அனுப்பியிருந்தால், ஷானனே வந்தாலும் படிக்க முடியாது. இங்கே குறியீட்டை மெருகேற்றுவதில் பயனில்லை, வேறொரு ஏற்ற இறக்கத்தைத் தேடித்தான் போக வேண்டும். இரண்டாவது ஆன்டெனா ஒரு வழி; அனுப்பும் பக்கம் இரண்டு ஆன்டெனா இருந்தால் எப்படிப் பிரித்து அனுப்புவது என்று 1998இல் சியாவாஷ் அலமூத்தி காட்டிய எளிய முறை பரவலாகப் பயனில் இருக்கிறது. அகன்ற அலைவரிசை மற்றொரு வழி. மூன்றாவது, மறுபடி அனுப்பச் சொல்வது.

மறுபடி அனுப்பச் சொல்வதிலும் அந்த எடைகள்தான் கைகொடுக்கின்றன. பழைய வழக்கப்படி, படிக்க முடியாத பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கேட்பார்கள். 1985இல் டேவிட் சேஸ், எறியாமல் வைத்திருந்து அடுத்த பிரதியோடு சேர்த்துப் படித்தால் எவ்வளவு லாபம் என்று காட்டினார். இன்றைய கைப்பேசி தோற்ற பாக்கெட்டின் எடைகளை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. எல்டிஇயில் பொதுவாக 8 மில்லிவினாடி கழித்து மறுபிரதி வரும். மூன்று பிரதிகளைக் கூட்டியது போலவே இதிலும் கூட்டல்தான். இரண்டாவது முறை அதே பிட்டுகளுக்குப் பதிலாக, முதலில் அனுப்பாமல் வைத்திருந்த கூடுதல் சோதனை பிட்டுகளை அனுப்பினால் இன்னும் நல்லது.

எடைகளை வைத்திருப்பதா விடுவிப்பதா என்று முடிவு செய்ய, படித்தது சரிதானா என்று தெரிய வேண்டும். இது டிகோடருக்குத் தானாகத் தெரியாது. குப்பையைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விடையைத் தரும். அதற்குத்தான் சோதனை பிட்டுகள். ஜிஎஸ்எம் பேச்சில் இவை மூன்றே மூன்று, ஆகவே எட்டில் ஒரு குப்பை சோதனையைத் தாண்டிவிடலாம். பழைய கைப்பேசிகளில் அவ்வப்போது கேட்ட கரகர ஒலிக்கு இதற்கும் பங்குண்டு. எல்டிஇயிலும், 5ஜியின் பெரிய தரவுத் தொகுதிகளிலும் 24 பிட். தற்செயலாகத் தப்ப வாய்ப்பு 1 கோடியே 67 லட்சத்தில் ஒன்று. 5ஜியின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு, எர்தால் அரிகன் 2009இல் வெளியிட்ட போலார் குறியீட்டோடு இந்தச் சோதனைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்தச் செய்திகள் சிறியவை, அவற்றுக்கு மறுபிரதிக் கூட்டல் கிடையாது. மங்கலில் இருப்பவருக்கு டவர் 1, 2, 4, 8, 16 என்று அதிக இடம் ஒதுக்கி அனுப்பும், ஆனால் எத்தனை ஒதுக்கினோம் என்று சொல்லாது. கைப்பேசி சாத்தியமான ஒவ்வொரு இடத்தையும் அளவையும் எடுத்துப் படித்துப் பார்க்கிறது. பெரும்பாலான முயற்சிகளில் அங்கே செய்தியே இருக்காது, சோதனை தோற்கும், எடைகள் அழிக்கப்படும். எது தேறுகிறதோ அதுதான் தனக்கு வந்தது என்று எடுத்துக்கொள்கிறது.